மலையில் இருந்துகொண்டு எரித்ரோபொய்டின் ஊசி போடுவோருக்கு: கோத்தகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

என் அம்மாவின் சிறுநீரகச் செயலிழப்பு நான்காம் நிலையில் இருக்கிறது. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. ஹீமோகுளோபின் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) 7.9 கிராமுக்கு இறங்கி, வீட்டிலிருந்து சாலைக்கு ஏறும் நாற்பது படிகளை மூன்று இடங்களில் உட்கார்ந்துதான் ஏற முடியும் என்ற நிலை வந்தபோது, கோயம்புத்தூரில் பார்க்கும் சிறுநீரக மருத்துவர் எரித்ரோபொய்டின் ஊசியை எழுதிக் கொடுத்தார். எலும்பு மஜ்ஜையை ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் இந்த ஹார்மோனை நலமான சிறுநீரகம் தானே சுரந்துகொள்கிறது. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அது முடிவதில்லை என்பதால் வெளியிலிருந்து ஊசியாகத் தர வேண்டியிருக்கிறது. மருந்துக் கடைகளில் இதை ஈபிஓ ஊசி என்றும் ஹீமோகுளோபின் ஊசி என்றும் சொல்வார்கள்.

முதல் நான்கு மாதங்களில் எங்கள் அறியாமையால் ஆறு ஊசிகள் வீணாயின. ஒருமுறை அம்மாவின் ரத்த அழுத்தம் கவலைப்படும் அளவுக்கு ஏறியது. ஊசியைத் தோலில் செலுத்துவதை ஒரே நாளில் கற்றுக்கொண்டோம். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றைக் கற்கத்தான் நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களை நீங்கள் இழக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன். எவ்வளவு மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை உங்கள் மருத்துவர் மட்டுமே சொல்ல முடியும்.

1. ஊசி தொடங்கும் முன் காரணத்தை உறுதிசெய்யுங்கள்

ரத்தசோகை என்றாலே இந்த ஊசி என்று எண்ணிவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ரத்தம், பரம்பரை ரத்த நோய்கள் எனக் காரணங்கள் பல. எரித்ரோபொய்டின் இவற்றில் எதையும் சரிசெய்யாது. ஆகவே முழு ரத்தப் பரிசோதனை, உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் எனப்படும் இரும்பு நிறைவு விழுக்காடு, பி12, ஃபோலேட், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் முடிவுகள் கையில் இல்லாமல் முதல் ஊசியை வாங்க வேண்டாம்.

நீலகிரிக்காரர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு செய்தி உண்டு. பனியர், இருளர், குறும்பர் முதலிய பழங்குடிச் சமூகங்களில் சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணு ரத்தநோய் இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. குடும்பத்தில் யாருக்கேனும் அந்த நோயோ, தலசீமியா என்ற மற்றொரு பரம்பரை ரத்தநோயோ இருந்தால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லி, அதற்கான ஹீமோகுளோபின் பகுப்பாய்வைச் செய்துகொள்ளுங்கள். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவருக்கு உடலில் ஏற்கெனவே இரும்பு மிகுந்திருக்கக்கூடும். அவருக்குப் பரிசோதிக்காமல் இரும்பு ஊசி போடுவது ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும்.

புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, வலிப்பு, காலில் ரத்தக்கட்டு ஆகியவற்றில் எது முன்பு வந்திருந்தாலும் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசியைத் தரலாமா, எவ்வளவு தரலாம் என்ற முடிவையே மாற்றிவிடக்கூடிய செய்திகள் இவை.

2. இரும்பை முதலில் நிரப்புங்கள்

நாங்கள் செய்த முதல் தவறு இதுதான். இரும்பு நிறைவைப் பார்க்காமலேயே வாரம் ஒரு ஊசியைத் தொடங்கிவிட்டோம். ஐந்தாம் வாரமும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. ஊசியின் அளவைக் கூட்டச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போன எங்களிடம், மருத்துவர் ஃபெரிட்டினும் இரும்பு நிறைவும் எடுக்கச் சொன்னார். நிறைவு 13 விழுக்காடுதான் இருந்தது. மஜ்ஜைக்கு வேலை செய்யச் சொல்லி ஆணை மட்டும் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கான பொருள் போய்ச் சேரவில்லை. பொதுவாக இரும்பு நிறைவு 20 விழுக்காட்டுக்குக் கீழேயோ ஃபெரிட்டின் 100-க்குக் கீழேயோ இருந்தால் சிறுநீரக நோயாளிக்கு இரும்பு போதவில்லை என்று கொள்கிறார்கள். அதற்கு மேலே இருந்தாலும் மருத்துவர் இரும்பு தர முடிவுசெய்யலாம்.

மாத்திரை போதாதபோது அயர்ன் சுக்ரோஸ் போன்ற மருந்தைச் சலைன் நீரில் கலந்து நரம்பு வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். இதை ஒருபோதும் வீட்டில் செய்யக் கூடாது. அரிதாக என்றாலும் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், அவசர மருந்துகள் உள்ள மருத்துவமனையில் ஏற்றி, முடிந்த பின்னரும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். வீட்டுக்கே வந்து இரும்பு ஏற்றித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏற்றும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை பல மாதங்கள் நிற்கும்.

இரும்பு மாத்திரை போதும் என்று மருத்துவர் சொன்னால், தேயிலை ஊர்க்காரர்களான நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தேநீரில் உள்ள டானின் இரும்பை உடலில் சேரவிடாது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் தேநீர் வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் உணவோடு விழுங்கும் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது.

காய்ச்சலோ சளியோ புண்ணோ இருக்கும்போது ஃபெரிட்டின் எடுக்காதீர்கள். நோய்த்தொற்றின்போது அது தானாகவே உயர்ந்து, இரும்பு போதுமான அளவு இருப்பதுபோல் பொய்க் கணக்குக் காட்டும். இரும்பு ஏற்றிய ஓரிரு வாரங்களுக்குள் எடுக்கும் கணக்கும் நம்பத்தக்கதன்று.

3. மருந்துச் சீட்டில் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்

மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வரும் முன் சீட்டைப் படித்துப் பாருங்கள். மருந்தின் பெயர், அளவு, அலகு, தோலுக்கு அடியிலா நரம்பிலா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஹீமோகுளோபின் எந்த அளவு வரை உயரலாம், எந்த அளவில் ஊசியை நிறுத்தி அவரைக் கூப்பிட வேண்டும், ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தால் அன்று ஊசி போடக் கூடாது ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் சீட்டில் 160-க்கு 100 என்று எழுதியிருக்கிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

அலகைக் குறிப்பாகக் கவனியுங்கள். எரித்ரோபொய்டின் 2000, 4000, 10000 என யூனிட் கணக்கில் வருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டார்பெபொய்டின் 25, 40, 60 என மைக்ரோகிராம் கணக்கில் வருகிறது. முன்னது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று முதல் மூன்று முறை. பின்னது வாரம் ஒருமுறையோ, பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ, மாதம் ஒருமுறையோ. மலைப்பாதையில் அடிக்கடி போய்வர முடியாத குடும்பங்களுக்கு நீண்ட இடைவெளி உள்ள மருந்து உதவும் என்பதால், மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் கடைக்காரர் "அது இல்லை, இதுவும் ஒன்றுதான்" என்று எடுத்துத் தருவதை ஏற்காதீர்கள். ஒரே பெயருள்ள மருந்தாக இருந்தாலும் கம்பெனி மாறினால் மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்குங்கள்.

கோப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சீட்டின் இரண்டு நகல்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா ரத்தப் பரிசோதனை முடிவுகளும் தேதி வரிசையில், ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், காப்பீட்டு அட்டை நகல், ஊசி வாங்கிய பில்கள் ஆகியவை இருக்கட்டும். ஒவ்வொரு ஊசியின் உறையிலும் உள்ள பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் போட்ட நாள், இடம், அன்றைய ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறியுங்கள். பிற்பாடு எங்கள் மருத்துவர் முதலில் கேட்டது இந்த நோட்டைத்தான்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

முதலில் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். உதகமண்டலத்தில் உள்ள நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ உங்களுக்கு எது எளிதோ அங்கே புறநோயாளிச் சீட்டுப் போட்டு, சிறுநீரகப் பிரிவிலோ பொது மருத்துவத்திலோ பதிந்துகொண்டால், இருப்பு இருக்கும்போது ஊசி இலவசமாகக் கிடைக்கும். இருப்பு இல்லாத வாரங்களும் வரும். அதனால் கடைசி ஊசி தீரும் நாளில் போகாமல் பத்து நாள் முன்னதாகவே விசாரியுங்கள்.

தனியார் கடையில் வாங்குவதானால் விலையை நான்கு இடங்களில் கேளுங்கள். எரித்ரோபொய்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதற்கு அரசு உச்சவரம்பு விலை வைக்கிறது. ஆனாலும் உறையில் அச்சிட்ட விலைக்கும் கடையில் நம்மிடம் உண்மையில் வாங்கும் விலைக்கும் பெரிய இடைவெளி இருப்பதை நாங்கள் கண்டோம். கேட்காதவர்களிடம் முழு விலையையும் வாங்கிவிடுகிறார்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். எங்கு வாங்கினாலும், மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து உங்கள் கண் முன்னே எடுத்துத் தர வேண்டும். அலமாரியிலிருந்து எடுத்தால் வாங்காதீர்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கான வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர் முதல் வட்டாட்சியர் வரை போய் வரச் சில நாட்கள் பிடிக்கும். சான்றிதழ், ரேஷன் அட்டை, குடும்பத்தினர் அனைவரின் ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும். அந்த அட்டை மருத்துவமனையில் தரப்படும் சிகிச்சைக்கானது. கடையில் வாங்கிய ஊசியின் பில்லைக் கொடுத்துப் பணம் பெற முடியும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஆனால் நாளை டயாலிசிஸ் வேண்டியிருந்தால் அதுவே உங்களுக்குத் துணை. அந்த நெருக்கடியில் சான்றிதழுக்கு அலைவது மிகக் கடினம்.

ஊசியின் விலையை மட்டும் கணக்கிட்டால் மாதச் செலவு குறைவாகத் தெரியும். மாதாந்திர ரத்தப் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரும்புக் கணக்கு, கோவைக்குப் போய்வரும் செலவு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி ஆகியவற்றையும் சேர்த்தே திட்டமிடுங்கள். எங்கள் வீட்டில் இந்த மற்றச் செலவுகள் ஊசியின் செலவுக்கு ஏறத்தாழச் சமமாகவே வந்தன.

5. மருந்தை மலைக்குக் கொண்டுவருதல்

இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; உறையக் கூடாது, வெயில் படக் கூடாது, குலுக்கவும் கூடாது. கோவையில் வாங்கி, மேட்டுப்பாளையத்தில் பேருந்து மாறி, குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி வந்து சேர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. சித்திரை, வைகாசி மாதங்களில் மேட்டுப்பாளையத்தில் நிற்கும் பேருந்துக்குள் இருக்கும் வெப்பத்தை நீங்கள் அறிவீர்கள்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் மருந்தை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, நேரே ஐஸ் கட்டியின் மேல் வைத்துத் தருவார்கள். அது தவறு. ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த ஐஸ் பேக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் மருந்து உறைந்துபோகலாம். உறைந்து உருகிய மருந்து பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், ஆனால் பயன்படுத்தத் தக்கதன்று. எங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி எடுத்துச் செல்லும் முறையைக் கற்றுக் கொடுத்தார்: ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, மேற்புறம் வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் ஓசை கேட்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மருந்து உறையோடு ஒரு துண்டில் சுற்றப்பட்டு நடுவில் இருக்கட்டும். இன்சுலின் எடுத்துச் செல்லும் சிறு பை ஒன்று வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும். பேருந்தில் அதை எஞ்சின் பக்கம் வைக்காமல், தலைக்கு மேலுள்ள தட்டிலும் போடாமல், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மேலேயிருந்து விழுந்த பை ஒன்றில் எங்கள் ஊசிக் கண்ணாடி உடைந்தது.

வெளியூரில் இருக்கும் உறவினர் தம் காரில் மருந்தைக் கொண்டுவருவதாக இருந்தால், 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி மாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரமும் மருந்துக்குக் கணக்குத்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தும் மரம் விழுந்தும் பாதை அடைபடும். அந்த மாதங்களில் அடுத்த இரண்டு ஊசிகள் எப்போதும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். அளவு மாறினால் வீணாகும்.

6. வீட்டில் வைப்பது: மலைக் குளிரை நம்பாதீர்கள்

மலைவாழ் மக்களான நாம் மிகுதியாகத் தவறு செய்வது இங்கேதான். "அக்கா, உங்க ஊர்ல ஃப்ரிட்ஜே தேவையில்ல, ஜன்னல் ஓரமா வச்சாலே போதும்" என்று கடையில் ஒருவர் சொன்னதை நான் நம்பினேன். கோத்தகிரி ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்திலும் உதகை 2240 மீட்டரிலும் இருந்தாலும், பகலில் இங்கே 20 டிகிரியைத் தொடுவது வழக்கமே. மருந்து கேட்பது 8-க்குக் கீழே. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவில் அதே ஜன்னல் ஓரம் பூஜ்ஜியத்துக்கு அருகில் போகும். ஒரே நாளில் இரண்டு பக்கமும் எல்லை மீறும் இடம் மருந்துக்கு ஏற்றதன்று. எத்தனை குளிரான ஊரானாலும் ஃப்ரிட்ஜ் வேண்டும்.

ஃப்ரிட்ஜிலும் இடம் பார்த்து வைக்க வேண்டும். எங்களுடையது ஒற்றைக் கதவுப் பெட்டி. ஃப்ரீசர் தட்டுக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி நான் வைத்த இரண்டு ஊசிகள் உறைந்துவிட்டன. அம்மாவுக்கு அவற்றைப் போடாமல் தூக்கி எறிந்த நாள் எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது. நடுத் தட்டில், சுவரைத் தொடாமல், மூடியுள்ள ஒரு டப்பாவுக்குள், உறையோடு வையுங்கள். கதவு அடிக்கடி திறக்கப்படுவதால் கதவுத் தட்டும் ஏற்றதன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைக் காட்டும் சிறு வெப்பமானி ஒன்றை அந்த டப்பாவுக்குள் வைத்து, காலையிலும் மாலையிலும் பாருங்கள். குளிர்காலத்தில் சமையலறையே குளிர்ந்திருப்பதால், கோடையில் வைத்த திருகு எண்ணை மாற்றாவிட்டால் பெட்டிக்குள் 2-க்குக் கீழே போகலாம் என்பதை அந்த வெப்பமானிதான் எங்களுக்குக் காட்டியது.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நீண்ட நேரம் வராது என்று தெரிந்தால், முன் சொன்ன முறையில் ஐஸ் பேக் வைத்த பைக்கு மாற்றுங்கள். குளிர்ச்சி விட்ட மருந்தை எவ்வளவு நேரம் வரை பயன்படுத்தலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உறையில் உள்ள தாளைப் படித்து, அந்த எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். ஐயம் இருந்தால் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

7. ஊசி போடும் நாள்

முதல் இரண்டு மூன்று முறை செவிலியர் ஒருவர் முன்னிலையில் போட்டுப் பழகுங்கள். ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் பெரும்பாலும் டயாலிசிஸ் நேரத்திலேயே குழாய் வழியாகப் போட்டுவிடுவார்கள். வீட்டில் போடுவது மற்றவர்களுக்கான வழி.

முதலில் ரத்த அழுத்தம். படி ஏறி வந்த உடனே பார்க்காமல், ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வைத்துப் பாருங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் அமைப்பு) செய்த கையில் பட்டையைச் சுற்றவே கூடாது. சீட்டில் எழுதிய எல்லைக்கு மேல் இருந்தால் அன்று ஊசி இல்லை. தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பணியாளர் அளவிட்ட எண்ணையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தை அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து மேசை மேல் வையுங்கள். சில்லென்று ஏற்றினால் மிகவும் வலிக்கும். குளிர் நாளில் சீக்கிரம் சூடேறட்டும் என்று அடுப்பருகிலோ கரிச் சட்டியருகிலோ வெந்நீரிலோ வைக்காதீர்கள். மருந்து கலங்கியோ நிறம் மாறியோ துகள் மிதந்தோ இருந்தால் போட வேண்டாம். நுரைக்கும்படி குலுக்கினாலும் மருந்து கெடும்.

சோப்பால் கை கழுவி, தொப்புளிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வயிற்றிலோ, தொடையின் முன்புறத்திலோ, ஆல்கஹால் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, தோலை மெல்லப் பிடித்துத் தூக்கி ஊசியைச் செலுத்தி, மெதுவாக அழுத்துங்கள். போட்ட பின் தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டிருக்கும் வயதானவர்களுக்குக் கையைவிடத் தொடை எளிது. எக்காரணம் கொண்டும் துணிக்கு மேலாகக் குத்தக் கூடாது.

குப்பியிலிருந்து எடுத்துப் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய பொறி ஒன்று இருக்கிறது. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் சிரிஞ்சில் உள்ள கோடுகளும் "யூனிட்" என்றே சொல்லப்படுகின்றன. அவை இன்சுலின் யூனிட்டுகள், எரித்ரோபொய்டின் யூனிட்டுகள் அல்ல. ஒரு மில்லியில் 4000 யூனிட் உள்ள குப்பியிலிருந்து 2000 யூனிட் வேண்டுமானால் அரை மில்லி எடுக்க வேண்டும். வேறு குப்பியில் அதே அரை மில்லியில் 5000 யூனிட் இருக்கலாம். ஆகவே மில்லி கோடு உள்ள சிரிஞ்சையே பயன்படுத்தி, எத்தனை மில்லி என்பதை மருத்துவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் மருந்து ஏற்கெனவே நிரப்பப்பட்ட சிரிஞ்சாகவே வாங்குங்கள்; விலை சற்றுக் கூடினாலும் தவறு நேரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒருமுறைக்கான குப்பியில் மிச்சம் இருந்தால் அடுத்த வாரத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். அதில் கிருமி வளர்வதைத் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை.

ஒரு ஊசி தவறிவிட்டால் அடுத்த முறை இரண்டாகப் போடக் கூடாது. மருத்துவரைக் கேட்டுப் புதிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. ஹீமோகுளோபின் எவ்வளவு வேண்டும் என்பதில் ஆசைப்படாதீர்கள்

தொடங்கிய பின்னும் அளவை மாற்றிய பின்னும், எண் நிலைப்படும்வரை அடிக்கடி பரிசோதனை வேண்டும்; நிலைப்பட்டால் மாதம் ஒருமுறை போதும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பதால் முதல் இரண்டு வாரங்களில் மனம் தளர வேண்டாம். ரத்தத்தை ஒரே பரிசோதனைக் கூடத்தில், ஊசி போடும் நாளுக்கு முன்னதாக எடுங்கள். பிற்காலத்தில் ஃபிஸ்டுலாவுக்கு முன்கை நரம்பு தேவைப்படும். அதனால் புறங்கையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெரும்பாலான சிறுநீரக நோயாளிகளுக்கு 10 முதல் 11.5 வரை என்பதே மருத்துவர்கள் நாடும் அளவு. அம்மாவுக்கு 10.8 வந்தபோது, இன்னும் கொஞ்சம் கூட்டினால் பழையபடி தோட்டத்துக்குப் போவாரே என்று எனக்கு ஆசை வந்தது. இரண்டு ஊசிகளை நெருக்கிப் போட்டேன். மூன்று வாரத்தில் 12.4 ஆகி, ரத்த அழுத்தம் 180-ஐத் தொட்டது. இந்த ஊசியால் ஹீமோகுளோபினை நலமானவர்களின் அளவுக்கு உயர்த்த முயன்றபோது பக்கவாதமும் மாரடைப்பும் ரத்தக்கட்டும் கூடின என்பதை மருத்துவ ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. இரண்டு வாரத்தில் 1 கிராமுக்கு மேல் ஏறினாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைப்பார்.

உயரமான ஊர்களில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. அதனால் 2000 மீட்டரில் வாழும் நலமானவர்களின் ஹீமோகுளோபின் சமவெளியினரைவிட ஏறத்தாழ ஒரு கிராம் கூடுதலாக இருப்பது இயல்பு. "நம்ம ஊருக்கு 13 இருக்கணும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதற்கு இதுவே அடிப்படை. அதை வைத்து ஊசியின் அளவை நீங்களே கூட்டிவிடாதீர்கள். நீங்கள் மலையில் வசிப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லையை அவரே வகுக்கட்டும்.

நன்றாக ஏறிக்கொண்டிருந்த ஹீமோகுளோபின் திடீரென்று சரிந்தால், இரும்புக் குறைவு, உள்ளே ரத்தக் கசிவு, நோய்த்தொற்று, கெட்டுப்போன மருந்து என்று பல காரணங்கள் இருக்கலாம். அரிதாக உடல் இந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உருவாக்கி, மஜ்ஜை சிவப்பணுவே செய்யாத நிலைக்கும் போகலாம். எதுவாக இருந்தாலும் அளவைக் கூட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

9. பயன்படுத்திய ஊசிகள்

மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். கை குத்திக்கொள்வது அப்போதுதான். நீலகிரியில் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளதால், துணி துவைக்கும் திரவம் வந்த தடித்த டப்பாவை நாங்கள் பயன்படுத்துகிறோம். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, மருத்துவமனைக்குப் போகும் நாளில் அங்கேயே ஒப்படைக்கிறோம். குப்பைத் தொட்டியிலோ சோலையிலோ போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும். காட்டெருமையும் கரடியும் கிளறும் ஊர் இது.

10. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டிய தாள்

கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்தல், நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், ஃபிஸ்டுலாவில் கையை வைத்தால் உணரும் அதிர்வு நின்றுபோதல், உடம்பெங்கும் தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கோவை மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று எண்ணி நேரே மலையிறங்க முயலாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, அங்கிருந்து அனுப்பும் ஆம்புலன்சிலேயே இறங்குங்கள்.

அந்தத் தாளில் நோயாளியின் பெயர், வயது, ரத்த வகை, ஊசியின் பெயரும் அளவும், கடைசியாகப் போட்ட நாள், மற்ற மாத்திரைகள், எந்தக் கையில் ஊசி குத்தக் கூடாது என்பது, மருத்துவரின் எண் ஆகியவை பெரிய எழுத்தில் இருக்கட்டும். நம் வீடுகள் பல சாலையிலிருந்து கீழே, எண் இல்லாத சந்துகளில் இருப்பதால், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டிய வழியையும் எழுதுங்கள்: எந்தப் பேருந்து நிறுத்தம், எந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்கு முன், எத்தனை படிகள், தூக்கி வர எத்தனை பேர் வேண்டும். நான் வீட்டில் இல்லாத ஒரு நாளில், எதிர்வீட்டுச் சிறுமி அந்தத் தாளைப் பார்த்துத்தான் தொலைபேசியில் சொன்னாள்.